நூற்றிருபது இடது கை

அந்தத் தையல் கூடத்தில் அவரை முகத்துக்கு நேராக மாஸ்டர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ‘பார்க்கலாம்’ என்பார்கள். எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சொல்தான். விடுப்பு வேண்டுமா, பார்க்கலாம். ஜன்னலைத் திறக்கட்டுமா, பார்க்கலாம். டீ குடிக்க வருகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போய், குடித்து முடித்துத் திரும்பியவர்கள் உண்டு. அப்போதும் மனிதர் வருவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருப்பார்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் வெட்டுமேசைப் பக்கம் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். மேசையில் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக நூறு, நூற்றிருபது அடுக்கு விரித்து, அதன்மேல் கோடு போட்ட தாளை ஒட்டி, கோட்டைவிட்டு இம்மியும் விலகாமல் மின்கத்தியை ஓட்ட வேண்டும். கத்தி ஒரு தடவை பிசகினால் நூற்றிருபது உடுப்பு பாழ். அதனால் கத்தியை எடுப்பதற்கு முன் மாஸ்டர் மேசையை ஒரு சுற்று சுற்றி வருவார். அடுக்கின் ஓரத்தைக் கட்டைவிரலால் சர்ரென்று புரட்டிப் பார்ப்பார். தாளைக் குனிந்து பார்ப்பார், நிமிர்ந்து கூரையைப் பார்ப்பார், மறுபடி குனிவார். இடது கையில் இரும்பு வலைக் கையுறையை மாட்டுவார். மாட்டிய பிறகும் உடனே கத்தியைத் தொட்டுவிட மாட்டார். கண்ணாடி அறைக்குள் இருக்கும் முதலாளி பல்லை நறநறவென்று கடிப்பார். ஆனால் இருபத்தாறு வருடத்தில் ஒரு துண்டு வீணாகவில்லை என்பதால் பல்லைக் கடிப்பதோடு நிறுத்திக்கொள்வார்.

துணியை விரிப்பது அவருடைய மனைவி. கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவருக்கு எவ்வளவு நிதானமோ அவளுக்கு அவ்வளவு வேகம். உருளையிலிருந்து துணியை இழுத்துக்கொண்டு மேசையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அவள் நடக்கும் நடையைப் பார்த்தால் வண்டியைப் பிடிக்க ஓடுகிறாள் என்று தோன்றும். அந்த வேகத்தில் எப்போதாவது தப்பும் வரும். மாஸ்டர் அந்த ஒரு சுற்றில் அதைக் கண்டுபிடித்துவிடுவார். “இங்க கொஞ்சம் பாரேன்” என்று தூசியைக் காட்டுவதுபோல் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்புவதற்குள் அவள் சரிசெய்து முடித்திருப்பாள். காதும் காதும் வைத்தாற்போல் நடக்கும் காரியம் அது. அக்கா தப்பே செய்ய மாட்டாள் என்று கூடத்தில் பேச்சு இருந்தது. காலப்போக்கில் அவளே அதைப் பாதிக்கு மேல் நம்பிவிட்டாள்.

அவருக்கு நோய் வந்தது ஒரு வருடம்வரை யாருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? கதவு நிலையில் கால் நகராமல் நின்றால், ஏதோ யோசிக்கிறார் என்று ஒதுங்கிப் போனார்கள். கேள்வி கேட்டுப் பதில் வராவிட்டால், வழக்கம்தானே என்று விட்டுவிட்டார்கள். வலது கை தானாக ஆடத் தொடங்கியபோது அவர் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கடைசியில் ஒரு நாள் கத்தியைப் பிடித்தபடி கோட்டின் நடுவில் அப்படியே நின்றுவிட்டார். கத்தி ஓடிக்கொண்டிருந்தது, ஆள் ஓடவில்லை. அக்கா ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தாள். அப்போது அவர் அவளைப் பார்த்த பார்வையில் இருந்தது யோசனை அல்ல, பயம். அத்தனை வருடத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தது அன்றுதான்.

மாத்திரைகள் மூன்று வருடம் தாங்கின. பிறகு அவையும் கைவிட்டன. மருத்துவமனையின் நான்காம் மாடியில் இருந்த மூளை டாக்டர், மருந்துச் சீட்டின் பின்புறத்தில் உருளைக்கிழங்கு ஒன்றை வரைந்து, அதுதான் மூளை என்றார். அதன் நடு ஆழத்தில் நாலைந்து புள்ளி வைத்தார். மேலே சுருக்கம் சுருக்கமாக இருப்பதைத்தான் எல்லோரும் மூளை என்று நினைக்கிறார்கள், ஆனால் ஒரு விரலை மடக்குவதென்றாலும் சங்கதி இந்தப் புள்ளிகளைக் கேட்டுக்கொண்டுதான் நடக்கிறது என்றார். ஒன்று ‘போ’ என்கிறது. இன்னொன்று ‘இரு’ என்கிறது. இரண்டும் பேசி முடிக்கிற முடிவு நடுவில் இருக்கும் ஒரு சந்திப்பைக் கடந்து மேலே போகிறது. பின்மண்டையில் இருக்கும் பகுதி, போகிற அசைவு அளவாகப் போகிறதா என்று கூடவே சரிபார்க்கிறது. மாஸ்டருக்கு ‘இரு’ என்று சொல்வது அளவுக்கு மீறிக் கத்துகிறது, அதுதான் நோய். மெல்லிய கம்பியை அந்த இடத்தில் இறக்கி மின்சாரம் கொடுத்தால் கத்தல் நிற்கும்.

“கத்தறதுதான் நிக்குமா, பேசறதும் நின்னுடுமா?” என்று அக்கா கேட்டாள். இது மருத்துவம் தெரிந்தவள் அல்ல, தொழில் தெரிந்தவள் கேட்கிற கேள்வி. கருவியைத் திருகினால் எது எவ்வளவு குறையும் என்று தெரிந்துகொள்ளாமல் அவள் எதையும் தொட மாட்டாள்.

டாக்டர் பேனாவை மூடினார். “நல்லாக் கேட்டீங்க. கைய அசைக்கறதுக்கும் அதே ஆளுங்கதான், ஒரு விஷயத்துக்குச் சரின்னு சொல்றதா வேணாமான்னு முடிவு பண்றதுக்கும் அதே ஆளுங்கதான். இவ்வளவு சின்ன இடத்துல ரெண்டையும் சுத்தமாப் பிரிக்க முடியாது. அளவைக் கூட்டிக் குறைச்சுத்தான் பார்க்கணும்.”

மாஸ்டரைச் சம்மதமா என்று கேட்டார்கள். அவர் ஏழு வாரம் எடுத்துக்கொண்டார்.

அறுவை நடந்தபோது அவர் விழித்துக்கொண்டே இருந்தாராம். மண்டைக்குள் கம்பி போகும்போது விரலை மடக்குங்கள், நீட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். காயம் ஆறிய பிறகு கருவிக்கு அளவு வைக்கிற நாள் வந்தது. காரை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருவி. அதைத் தொடாமலே எட்ட உட்கார்ந்து, கையில் வைத்திருந்த திரையில் எண்களை ஏற்றி இறக்கினாள் ஒரு இளம்பெண். வானொலியில் நிலையம் பிடிப்பது போலிருந்ததால் அக்கா அவளுக்கு மனதுக்குள் ரேடியோப் பொண்ணு என்று பெயர் வைத்துவிட்டாள். ஒன்றில் ஒன்றுமில்லை. இரண்டில் விரல்கள் தயங்கின. மூன்றைத் தாண்டியதும் வலது கை மேசைமேல் சும்மா கிடந்தது. கை சும்மா கிடப்பதைப் பார்த்து ஒரு மனிதன் அழ முடியும் என்று அக்கா அன்று தெரிந்துகொண்டாள். அவளும் அழுதாள்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதத்தைப் பற்றி அவள் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

முதலில் மகள் விஷயம். வேறு ஊரில் ஒரு வேலைக்குப் போக வேண்டும் என்று எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவிடமிருந்து வழக்கமான பதில்தான் எட்டு மாதமும் வந்தது. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் அவள் மறுபடி வாய் திறந்தாள்; வாதத்துக்கு ஏழெட்டுக் காரணங்களைத் தாளில் எழுதியே வைத்திருந்தாள். இரண்டாவது காரணத்துக்கு வருமுன் மாஸ்டர் “போயிட்டு வா” என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டு ரொட்டியை எடுத்தார். மகளுக்குச் சந்தோஷப்படுவதா, மீதிக் காரணங்களை என்ன செய்வது என்று தெரியவில்லை. அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் தேம்பினாள்.

பிறகு சமையலறைச் சுவர். மஞ்சள் அடித்தால் நன்றாக இருக்கும் என்று அக்கா காலையில் பேச்சுவாக்கில் சொன்னாள். சாயங்காலம் வேலை முடிந்து அவள் வருவதற்குள் சுவர் மஞ்சளாகியிருந்தது, அவருடைய புருவமும்தான். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் விடுப்பு போட, இரண்டு பேரும் வீட்டு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆற்றில் படகு ஏறினார்கள். செவ்வாய்க்கிழமையில் யாராவது படகு ஏறுவார்களா? படகில் அவர் அவளைத் திரும்பிப் பார்த்து, சிரித்தால் அவள் அழகாக இருப்பதாகச் சொன்னார்.

“இத இருபத்தாறு வருஷமா ஏன் சொல்லல?” என்று அவள் கேட்டாள்.

“சொல்லலாமா வேணாமான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

அவளுக்கு முகம் சூடேறியது. ஐம்பத்திரண்டு வயதில் இது என்ன கூத்து என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள், ஆனால் மறுநாளும் சிரித்துப் பார்த்தாள். அவர் மறுநாளும் சொன்னார்.

குறை இல்லாமல் இல்லை. நாற்காலியிலிருந்து விருட்டென்று எழுந்து இரண்டு தடவை விழுந்தார். தெருவில் சிவப்பு விளக்கு எரியும்போதே காலை எடுத்து வைத்தார். சட்டையைப் பின்னாலிருந்து அவள் பிடித்து இழுத்ததில் அதன் தோள் தையல் விட்டுப்போனது. வந்து கேட்டவருக்கெல்லாம் சரி என்றார். மாடி வீட்டுக்காரர் தன் பூனைகளை ஒரு மாதம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்க, நாலு பூனைகள் வந்து சேர்ந்தன. இதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள விரும்பவில்லை என்பதுதான் சரி.

மூன்றாம் மாதத் தொடக்கத்தில் அவர் வேலைக்குத் திரும்பினார். கை பத்து வருடத்துக்கு முன்பு இருந்த கை. முதல் வாரம் அவர் வெட்டிய வேகத்தைப் பார்த்து முதலாளி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தே நின்றார். மேசையைச் சுற்றும் சுற்று சுருங்கி, ஒரு பக்கம் எட்டிப் பார்ப்பதாக ஆனது. பிறகு அதுவும் நின்றது. இப்போதுதான் மாஸ்டர் ஆள் ஆகியிருக்கிறார் என்று கூடத்தில் பேசிக்கொண்டார்கள். அக்காவுக்கும் பெருமைதான். சுற்று நின்றுபோனதை அவளும் கண்ணால் பார்த்தாள். அந்தச் சுற்றில்தான் தன் தப்புகள் பிடிபட்டு வந்தன என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் அறுபது மழைக்கோட்டுக்கு அவசர ஆர்டர் வந்தது. துறைமுகத்தில் சுமை இறக்குகிறவர்களுக்கானது. துணியின் ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் ரப்பர் பூச்சு. எது வெளியே, எது உள்ளே என்பதில் மாற்றமே கிடையாது. துணியை மிச்சப்படுத்துவதற்காகத் தாளில் பாதி மழைக்கோட்டுதான் வரைந்திருந்தது: ஒரு முன்பக்கம், ஒரு கை, அப்படி. இந்த மாதிரித் தாளுக்கு ஓர் அடுக்கை வழவழப்பான நல்ல பக்கம் மேலாகவும், அடுத்ததைக் கீழாகவும் மாற்றி மாற்றி விரிக்க வேண்டும். அப்போதுதான் ஒரே கோட்டில் வெட்டும்போது ஒன்று இடது கையாகவும் ஒன்று வலது கையாகவும் விழும். அக்காவுக்கு இது தலைகீழாகத் தெரிந்த பாடம். ஆனால் முந்தின வாரம் முழுவதும் வேறு வகைத் தாள். எல்லா அடுக்கையும் ஒரே முகமாக விரித்து விரித்து அவள் கைக்கு அது பழகியிருந்தது. கை அந்தப் பழக்கத்திலேயே ஓடியது. நூற்றிருபது அடுக்கும் நல்ல பக்கம் மேலே. துணியின் மறுமுனையைப் பிடிக்க நின்ற பெண் புதியவள். அக்கா போட்ட பக்கம் போட்டாள்.

மாஸ்டர் வந்தார், கத்தியை எடுத்தார், வெட்டினார். இருபது நிமிட வேலை.

கட்டுக் கட்டாகத் தையல் பக்கம் போன பிறகுதான் தெரிந்தது. முதல் மழைக்கோட்டுக்கு இடது கையைத் தைத்த பெண் வலது கையைத் தேடினாள். கட்டைப் பிரித்துப் பார்த்தாள். எல்லாம் இடது. அடுத்த கட்டும் இடது. பக்கத்து மெஷின்காரி சிரித்தாள். மூன்றாவது கட்டைப் பிரித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அறுபது மனிதருக்கு நூற்றிருபது இடது கையும் நூற்றிருபது இடது மார்பும். திருப்பிப் போட்டுத் தைக்கலாம் என்றால் ரப்பர் வெளியே வரும்.

முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. துணியை ஒரே முகமாக விரித்தது யார் என்று கேட்டார். அக்கா துணிக் கவ்வியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதற்குள் மாஸ்டர், “நான்தான் அப்படி விரிக்கச் சொன்னேன்” என்றார்.

அவர் அப்படிச் சொல்லவே இல்லை. பழைய மாஸ்டராக இருந்தால் இந்தப் பொய்யைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் மாலை மணி அடித்திருக்கும். இந்த மாஸ்டர் இமை கொட்டும் நேரத்தில் சொல்லிவிட்டு அவளைப் பார்த்துப் புன்னகையும் செய்தார். அக்கா வாயைத் திறக்கவில்லை. அப்போது திறக்கவில்லை, மதியம் திறக்கவில்லை, அன்று சாயங்காலம் முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தலைக்குள் கம்பி வைத்தவரைக் கத்திப் பக்கம் விட்டது தன் புத்திகெட்டதனம் என்று சொன்னபோதும் திறக்கவில்லை. டாக்டரிடமிருந்து கடிதம் வந்தால்தான் இனி மேசை என்றார் அவர். வெட்கமாக இருந்தது அவளுக்கு. வீட்டுக்குப் போனதும் பூனைகளிடம் எரிந்து விழுந்தாள்.

நாலாம் மாடிக்குப் போகும்போது அவள் ஒரு முடிவோடுதான் போனாள். தப்பு தன்னுடையது என்று டாக்டரிடம் உடைத்துச் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னால் கருவிமேல் பழி இல்லை. பழி இல்லையென்றால் அளவைக் குறைக்க மாட்டார்கள். குறைக்காவிட்டால் அவருக்குக் கை இருக்கும், மேசை இருக்கும். அவளுக்குப் படகில் பேசிய மனிதர் இருப்பார். இந்தக் கடைசிக் காரணம்தான் முதல் காரணம் என்பது அவளுக்குத் தெரியும். அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

ரேடியோப் பொண்ணு முதலில் ஒரு சோதனை வைத்தாள். திரையில் இரண்டு இரண்டு படமாக வரும். எந்தப் படத்துக்கு எவ்வளவு புள்ளி என்று முன்கூட்டியே பழக்கிவிடுவார்கள். அதிகப் புள்ளி உள்ளதை அழுத்த வேண்டும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் சுலபம். இரண்டும் கிட்டத்தட்டச் சமம் என்றால் யாராக இருந்தாலும் ஒரு கணம் விரல் நிற்கும். மாஸ்டருக்கு எங்கேயும் நிற்கவில்லை. சுலபமானதும் கஷ்டமானதும் ஒரே டக், டக். கஷ்டமானதில் பாதிக்குப் பாதி தப்பு.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, வேலையில் நடந்ததும் இதுதான் போலிருக்கிறது என்றார். அக்கா குறுக்கே பேசினாள்.

“அது இவரால இல்ல டாக்டர். துணியத் தப்பா விரிச்சது நான். இவர் சொல்லி விரிக்கல, நானா விரிச்சேன். எனக்காகப் பொய் சொன்னாரு. இவருக்குத் தெரியாது, விரிப்பு சரியா இருக்குன்னு நம்பித்தான் வெட்டினாரு.”

சொல்லி முடித்ததும் அவளுக்கு மூச்சு லேசானது. மாஸ்டர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார், ஏதோ நல்ல செய்தியைச் சொல்ல வருகிறவர் மாதிரி.

“இல்லம்மா. தெரியும்.”

“என்ன தெரியும்?”

“கத்திய எடுக்கறப்பவே பார்த்துட்டேன். எல்லாம் ஒரே முகமாக் கிடக்கு, இது தப்புன்னு. இருன்னு நினைக்கறதுக்குள்ள கை போயிடுச்சு.”

ரேடியோப் பொண்ணு திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

அக்காவுக்கு அன்றைய காலை கண்முன் வந்தது. கத்தி, தாள், அவருடைய வலது கை, அடுக்கை அழுத்திக்கொண்டிருந்த அவருடைய இடது கை. அந்த இடது கை வெறுங்கை. இரும்புக் கையுறை ஆணியிலேயே தொங்கியது. அதை அவள் அன்று பார்த்திருக்கிறாள். பார்த்தும் மனதில் ஏறவில்லை.

“கையுறை?” என்று கேட்டாள்.

“ஞாபகம் இருந்துச்சு. போட்டுக்கலாம்னு நினைச்சேன்.”

“நினைச்சு?”

“வெட்டிட்டேன்” என்றார். அதே புன்னகை.

நூற்றிருபது அடுக்கு ரப்பர் துணியை வெண்ணெயாக அறுக்கிற கத்தி அது. விரல் எலும்பு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அக்கா தன் கணவரின் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஐந்து விரலும் இருந்தன. அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். டாக்டரும் அந்தப் பெண்ணும் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

டாக்டர் நிலைமையை நேராகச் சொன்னார். இதே அளவில் விட்டால் கை நன்றாக இருக்கும், நிறுத்திப் பார்க்கிற பழக்கம் திரும்பாது. கத்தி பிடிக்கலாம் என்று தன்னால் கடிதம் கொடுக்க முடியாது. அளவைக் குறைத்தால் நிதானம் திரும்பலாம், நடுக்கமும் கூடத் திரும்பும். அந்தக் கையோடும் கத்தி பிடிக்க முடியாது. அவர் விழுந்தபோதே, போன மாதம், மின்சாரத்தைக் கம்பியின் வேறு முனைகள் வழியாகக் கொடுத்தும் பார்த்தாயிற்று. எப்படியானாலும் மேசை போயிற்று. இனி எந்த மனிதராக வீட்டில் இருக்கப் போகிறார் என்பதுதான் கேள்வி. அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

“இதே இருக்கட்டும்” என்றார் மாஸ்டர், கேள்வி முடிவதற்குள்.

ரேடியோப் பொண்ணு தொண்டையைச் செருமினாள். “இந்த அளவுல கேட்டா இதத்தான் சொல்வாரு, டாக்டர்.”

டாக்டர் அக்காவைப் பார்த்தார். வீட்டில் கூட இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டார். இந்தக் கேள்வி தன்னிடம் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மஞ்சள் சுவர் இருக்கிறது. படகு இருக்கிறது. இருபத்தாறு வருடம் காத்திருந்து கிடைத்த இரண்டு மாதம் இருக்கிறது. மறுபக்கம் சிவப்பு விளக்கும், ஆணியில் தொங்கும் கையுறையும், ‘வெட்டிட்டேன்’ என்று சொன்ன அந்தப் புன்னகையும். தப்பு என்று தெரிந்தும் நிற்க முடியாமல் ஒருவர் தன் பக்கத்தில் வாழ்வதை அவளால் தாங்க முடியாது.

“குறைச்சிடுங்க” என்றாள்.

“சரி, குறைங்க” என்றார் மாஸ்டர், அதே நொடியில், அதே உற்சாகத்தோடு.

இரண்டு சம்மதத்துக்கும் நடுவில் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எதை எழுதிக்கொள்வது என்று டாக்டருக்கே தெரியவில்லை. கடைசியில், குறைத்துவிட்டு அந்த நிலையிலும் அவரைக் கேட்பது, அவர் வேண்டாம் என்றால் பழைய அளவையே வைத்துவிடுவது என்று முடிவானது. எண்கள் இறங்கின. வெளியே நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார்கள். முதலில் அவர் பேச்சு குறைந்தது. பிறகு வலது கையின் கட்டைவிரல் அசையத் தொடங்கியது, அப்புறம் முழுக் கையும். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்கள். இந்த அளவு இருக்கட்டுமா, பழையபடி ஏற்றலாமா? மாஸ்டர் தரையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். டாக்டர் காத்திருந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி காத்திருந்தார். வெளியே அடுத்த நோயாளி இருமினார். அவசரமில்லை, அடுத்த மாதம் வரும்போது சொல்லுங்கள், அதுவரை இதே இருக்கட்டும் என்று டாக்டர் கதவுவரை வந்து வழியனுப்பினார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவர், இந்தப் பக்கம் அவள். இரண்டு நிறுத்தம் வரை அவள் பொறுத்துப் பார்த்தாள்.

“ஏங்க, நான் குறைக்கச் சொன்னது தப்பா?”

அவருக்குக் கேட்டுவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. கேள்வி உள்ளே போய்விட்டது. கண் வெளியே எங்கோ நிலைத்திருக்க, புருவம் மட்டும் சற்றே சுருங்கியது. இருபத்தாறு வருடமாக அந்த முகத்தைப் பார்த்து எரிச்சல்பட்டவள் அவள். எத்தனையோ தடவை, கல்லிடமாவது சீக்கிரம் பதில் வாங்கலாம் என்று திட்டியிருக்கிறாள். இப்போது எரிச்சல் வரவில்லை, பயமாக இருந்தது. அவர் சும்மா ஆறுதலுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடியவர் இல்லை. என்ன வருமோ அதுதான் தீர்ப்பு. நேற்றுவரை இருந்த மனிதரிடம் கேட்டிருந்தால் இல்லவே இல்லை என்று உடனே சொல்லியிருப்பார், அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்திருப்பாள்?

சந்தை நிறுத்தம் வந்து போனது. பள்ளிக்கூட நிறுத்தம் வந்து போனது. அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தமும் வந்தது. இறங்கினால் அந்த யோசனை கலைந்துவிடும் என்று அவள் எழுந்திருக்கவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

“தப்பில்ல” என்றார் மாஸ்டர்.

அவள் மூச்சை விட்டாள். ஆனால் அவர் இன்னும் முடிக்கவில்லை. பைக்குள் இருந்த கை வெளியே வந்து, ஆடிக்கொண்டே அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது.

“ஆனா அந்த ரெண்டு மாசம் நல்லா இருந்துச்சு.”

“எனக்கும்தாங்க” என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதாள்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தார்கள். அவர் கால் அங்கங்கே தரையில் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்ட இடத்திலெல்லாம் அவளும் நின்றாள். பத்து நிமிட தூரம் அது. நாற்பது நிமிடம் ஆயிற்று.